முதுகு மட்டும் தெரிந்தவர்

நடந்தவை இவை.

1. எங்கள் பூதலூர் வயல்களில் ஒரு கராத்தே படம் எடுத்தார்கள். பாதியிலேயே கதாநாயகன் இறந்துவிட்டார், படம் வெளிவரவில்லை.

2. மிச்சக் காட்சிகளில் அவருக்குப் பதிலாக முதுகைக் காட்டி நடித்தது தான்தான் என்று ஊரில் மூன்று பேர் தனித்தனியே சொல்லிக்கொண்டார்கள். ஒருவர் என் அப்பா.

3. என் ஏழாம் வகுப்பு ஆண்டு விழாவில், பாச்சை உருண்டை மணக்கும் கறுப்புக் கராத்தே உடையோடு அப்பா மேடையேறிக் காலை வீசினார். "உங்கப்பாதான் அந்த டூப்பாடி?" என்று தோழிகள் சிரித்தார்கள். "சும்மா புளுகுறாருடி" என்றேன். பாட்டு நின்றிருந்த நேரம். மேடைவரை கேட்டது.

அதன்பின் அப்பா அந்த உடையைத் தொடவில்லை.

நேற்று அந்தப் படத்தின் துண்டு ஒன்று கைபேசியில் வந்தது. முதுகு மட்டும் தெரியும் ஒருவர் வரப்பிலிருந்து சேற்றில் இறங்கப் போகிறார். போட்டிருப்பது பேன்ட் என்பதை மறந்து, வேட்டியை மடித்துக் கட்டுவதற்காக இடது குதிகாலைப் பின்னால் தட்டுகிறார். கை காற்றைப் பிடிக்கிறது. ஊரில் எல்லோரும் வலது காலால்தான் தட்டுவார்கள். அப்பா மட்டும் இடது.

உடனே போன் செய்தேன். "அப்பா, அது நீங்கதாம்ப்பா!"

"இல்லம்மா. புளுகுன்னு நீதான் அன்னிக்கே சொன்னியே."

மூன்று முறை கேட்டுவிட்டேன். அப்பா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.