ஒன்றே முக்கால் வேகத்தில் வின்கா

என் தம்பி பெண்டாட்டி வின்கா ஒரு வேலையை முடித்துவிட்டு அடுத்ததைத் தொட்டதாகச் சரித்திரம் கிடையாது. அடுப்பில் மீன் இருக்கும், இவள் மாடியில் துணி காயப்போடுவாள். துணி பாதியில் கிடக்கும், இவள் படகுத்துறையில் யாரோடோ வாயடித்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு நாற்பத்தொரு வயதானபோதுதான் ஸ்ப்ளிட் நகரத்து டாக்டர் ஒருவர், கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு என்று அதற்குப் பெயர் வைத்தார். அதுவரை எங்கள் தீவில் அந்தக் கோளாறுக்குப் பெயரே 'வின்கா'தான்.

மார்ச் மாதம் தம்பி பார்ட்டுல் படிக்கட்டில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான். கடல் குகை பார்க்க வருகிறவர்களைக் கூட்டிப்போகும் படகு எங்களுடையது. ஓட்டும் உரிமம் அவன் பெயரில் மட்டும் இருந்தது. ஜூனுக்குள் வின்கா உரிமம் வாங்காவிட்டால் படகை விற்றுவிடுவேன் என்று சொல்லிவிட்டான். அவளுக்கு அந்தப் படகென்றால் உயிர். பதினெட்டு வருஷம் அதில் கயிறு இழுத்தவள். வாய்மொழிப் பரீட்சைக்கு இரண்டு முறை போய் இரண்டு முறையும் கோட்டை விட்டுவிட்டு வந்தாள்.

சரி, நானே விதிப்புத்தகத்தை வாசித்து அவள் போனில் பதிவு செய்து தருகிறேன் என்று உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் வேதம் வாசிப்பவள் நான். என் குரலை ஊரே புகழும், அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அவள் மண்டையில் ஏறட்டும் என்று ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, நிதானமாக, நாலு சாயங்காலம் வாசித்தேன்.

ஒரு வாரம் கழித்துத் துறைக்குப் போனால், கரையேற்றிய படகின் அடியில் படுத்து அவள் வர்ணம் பூசிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் போன் கோழி மாதிரிக் கொக்கரிக்கிறது. உற்றுக் கேட்டால் என் குரல்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"கோவிச்சுக்காதீங்க அண்ணி," என்றாள் வின்கா. "நீங்க ஒரு வரிய முடிச்சு அடுத்தத ஆரம்பிக்கிறதுக்குள்ள நான் வீட்டுக்குப் போயி சமைச்சிட்டே வந்துடுவேன். ஒண்ணே முக்கால் வேகத்துல ஓடவிட்டா எங்கயும் போக நேரமில்ல."

எல்லா வேகத்தையும் சோதித்துப் பார்த்தாளாம். இரண்டில் எண்கள் குழம்பினவாம்; விளக்குகளைப் பற்றிய பாடத்துக்கு மட்டும் ஒன்றேகாலாம். நான் நம்பவில்லை. மூன்று நாள் அவளோடு பேசவும் இல்லை.

பரீட்சைக்கு நானும் கூடப் போனேன். அவள் நகரத்துக்குப் போகும் கப்பலின் தளத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே வந்தாள். துறைமுக அலுவலகத்தில் அவளை அழைப்பதற்கு முன்னால், டாக்டர் கடிதத்தோடு அதிகாரியைத் தனியே பிடித்தேன். அவளுக்குப் புரிய நேரமாகும், மெதுவாகக் கேளுங்கள், இரண்டு தடவை கேளுங்கள் என்றேன். அவரும் இரக்கத்தோடு தலையாட்டினார்.

புழுக்கத்துக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். அவர் ஒரு வார்த்தை சொல்லி, மூச்சு விட்டு, அடுத்த வார்த்தையைச் சொன்னார். வின்காவின் முழங்கால் ஆடியது. கண் ஜன்னலுக்கு வெளியே போய்விட்டது. "என்ன கேட்டீங்க?" என்றாள். அவர் இன்னும் மெதுவாகக் கேட்டார். இரண்டாவது கேள்வியும் அப்படியே போயிற்று. மூன்றாவதில் எனக்கு நடைபாதையில் இருப்புக்கொள்ளவில்லை. அவர் ஃபைலை மூடக் கை வைத்தபோது வின்கா எழுந்து நின்றாள்.

"சார், மெதுவா வேணாம். வேகமா கேளுங்க, நிறுத்தாம கேளுங்க. நீங்க நிறுத்துற இடத்துலதான் நான் தொலைஞ்சு போறேன்."

அவர் கடிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு மீன் ஏலம் விடுகிறவர் மாதிரி ஆரம்பித்தார். வலப்பக்கம் குறுக்கே ஒரு படகு வந்தால் வழி விடுவது யார்? நான். மேலே பச்சை, கீழே வெள்ளை விளக்கு? இழுவலைப் படகு. மூடுபனியில் ஓடும்போது? இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறையாவது ஒரு நீண்ட ஊதல். கேள்வி முடியும் முன்பே பதில் வந்து விழுந்தது. கடைசியில் மூச்சு வாங்கியது அவருக்குத்தான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வாசல் வரை வந்தவர், அவள் எதிரிலேயே என்னிடம், "மெதுவா கேக்கச் சொன்னது நீங்கதானே?" என்றார். வின்கா திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமே இல்லாத பார்வை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

திரும்பும் கப்பலில் அவளே பேச்சை எடுத்தாள். "பதினெட்டு வருஷமா நீங்க எங்கிட்ட கைக்குழந்தைகிட்ட பேசுற மாதிரித்தான் பேசுறீங்க, அண்ணி. பாதிக்கு மேல நான் கேட்டதே இல்ல."

எனக்கு வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக மூச்சு விடாமல் பேசினேன்: கல்யாணத்தன்றே அவளை மக்கு என்று முடிவு கட்டியதை, தம்பியிடம் அப்படியே சொன்னதை, இன்று காலை வரை அதை நம்பியதை, அதிகாரியிடம் போய் நின்றதை, அவ்வளவையும் கொட்டி மன்னிப்புக் கேட்டேன். வார்த்தைகள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தன.

"இப்பத்தான் நீங்க பேசினது முழுசா கேட்டுது," என்றாள் வின்கா.