ஞானதாஸ் சொன்ன அர்த்தம்

திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் கிளார்க்காக இருந்தார் ஞானதாஸ். மெட்ராஸ் கம்பெனிகளுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதுவது அவர் வேலை. அதனால் தெருவில் எந்தப் பிள்ளைக்கு இங்கிலீஷ் வீட்டுப்பாடம் புரியாவிட்டாலும் அவரிடம்தான் அனுப்புவார்கள். மனைவி இறந்து, பிள்ளைகளும் இல்லாத மனுஷர். சாயங்காலம் பிள்ளைகள் சத்தம் கேட்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அவர்களில் முத்துப்பேச்சி கெட்டிக்காரி. எட்டாம் வகுப்பு. லீவ் லெட்டரில் கமா எங்கே, கையெழுத்து எங்கே என்று ஒருதரம் சொன்னால் போதும். அவள் அம்மா மூக்காயி புகையிலை பதப்படுத்தும் கிட்டங்கியில் கூலிக்குப் போனாள். அப்பா கருப்பணன் சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குப் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது.

1958 ஆவணியில் ஒருநாள் வீட்டுப்பாட வார்த்தைகளோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக் கேட்டாள் முத்துப்பேச்சி. பாடத்தில் உள்ளதுதான் என்று நினைத்துக்கொண்டார் ஞானதாஸ். "ரிக்ரெட்"டுக்கு வருத்தப்படுவது என்றார். "எக்ஸ்பயர்ட்" என்பதற்குக் காலம் முடிவது என்றார். லாரி பெர்மிட் முடிந்துபோவதை உதாரணமும் காட்டினார். அவள் நோட்டில் எழுதிக்கொண்டு ஓடினாள்.

நாலாம் நாள் தாயும் மகளும் ஒரு கிண்ணம் பூந்தியோடு வந்தார்கள். தோட்டத்திலிருந்து கடுதாசி வந்திருக்கிறதாம். கருப்பணனுக்கு வேலைக் காலம் முடிந்துவிட்டது, அவரை விட மனசில்லாமல் தோட்டத்துத் துரை வருத்தப்படுகிறார் என்று மகள் தானாகவே வாசித்துச் சொன்னாளாம். வரப்போகிறவருக்காக வீட்டுக்கு வெள்ளையடித்தாகிவிட்டது என்று மூக்காயி பூரித்துப்போய்ச் சொன்னாள்.

ஞானதாஸுக்கும் சந்தோஷம்தான். எந்தக் கப்பலில் வருகிறார் என்று பார்க்கத்தான் கடுதாசியைக் கேட்டார். இரண்டே வரி. படித்தவர் மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மூன்றாம் தரமும் படித்தார். வரி மாறவில்லை.

முத்துப்பேச்சி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், அந்த வார்த்தைக்கு வேற அர்த்தம் இருக்கா?"

"இருக்கும்மா."

கடுதாசியை மடித்து அவளிடம் கொடுத்தார். அவள் வாய்விட்டு அழவில்லை. அம்மாவின் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தாள். புருஷன் செத்துப்போனார் என்பது மூக்காயிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் நம்பவில்லை.

"நீங்க சொன்ன அர்த்தந்தானய்யா பிள்ளை எழுதிட்டு வந்துச்சு. நல்லாப் பாருங்க. மொத சொன்னதே சரியா இருக்கும்."

இந்த இரண்டு வார்த்தையும் எங்கே இருக்கிறது என்று அன்றைக்கே ஞானதாஸ் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

எப்படிச் செத்தார், எங்கே புதைத்தார்கள் என்று கேட்டுத் தோட்டத்துக்கு நாலு கடிதம் எழுதினார் ஞானதாஸ். இலக்கணத்தில் ஒரு பிழை இல்லாத கடிதங்கள். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

முத்துப்பேச்சி படிப்பை விட்டு அம்மாவோடு கிட்டங்கிக்குப் போனாள். ஞானதாஸ் இரண்டு தரம் வீடு தேடிப்போய்க் கெஞ்சினார். "வேணாம் சார்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

மூக்காயி மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் மடிந்து நைந்த அந்தக் கடுதாசியை எடுத்துக்கொண்டு வருவாள். இன்னொருக்கா வாசிங்க என்பாள். அவரும் வாசிப்பார். முதலில் இங்கிலீஷில், பிறகு தமிழில். வேறுமாதிரி வாசிக்க அவருக்கு வழி தெரியவில்லை.