அந்தப் பெட்டியில்தான் ஓடும்

கூரையேறி டிஷ்ஷைத் தொடுமுன் செருப்பைக் கழற்றிவிடுவது வடக்கனந்தல் பூமாலையின் வழக்கம். டி.வி. டிஷ் மாட்டும் இந்தத் தொழிலில் பதினேழு வருடம் ஆயிற்று. முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து கிளம்பிய படம், கல்வராயன் மலையில் ஓர் ஓட்டு வீட்டைத் தேடிப் பிடித்து இறங்குகிறதே, அதுவும் மாதக் கட்டணம் கேட்காமல், அது அவருக்கு இன்னும் பழகவில்லை. சிக்னல் கிடைத்ததும் ஒரு நிமிடம் வாயடைத்து நிற்பார். பார்த்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

மற்ற நேரத்தில் வாய் கொஞ்சம் நீளம். தெரியாததையும் தெரிந்த மாதிரியே சொல்லிவிடுவார்.

மலையில் குஞ்சம்மாள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. அவள் கணவர் மாயவன், சாமைப் பயிரைப் பற்றி அரசு சேனலின் எச்.டி. ஒளிபரப்பில் கால் மணி நேரம் பேசினார். அன்றைக்கு ஊரே வீட்டுக்குள் கூடிக் கூச்சல் போட்டதில் அவள் காதில் ஒரு வார்த்தை விழவில்லை. செட்-டாப் பெட்டியில் பென் டிரைவைச் சொருகிப் பதிவுப் பொத்தானை மட்டும் அழுத்திவைத்தாள்.

"இன்னா பேசின?" என்று கேட்டதற்கு, "பென் டிரைவ்ல கீதே, சாவகாசமா பாரு" என்றார் மாயவன். களையெடுப்பு முடிவதற்குள் நெஞ்சுவலி அவரைக் கொண்டுபோய்விட்டது.

அடுத்த வாரம் இடி விழுந்து பெட்டி அணைந்தது. பூமாலை வேறு பெட்டி மாட்டினார். பழையதைக் கையோடு எடுத்துக்கொண்டார். "படம் பென் டிரைவ்ல பத்திரமா கீதுக்கா. பொட்டி போனா இன்னா?"

காரியமெல்லாம் முடிந்து குஞ்சம்மாள் பென் டிரைவைச் சொருகினாள். பதிவின் பெயர் தெரிந்தது, படம் ஓடவில்லை. பூமாலை தன் வீட்டுப் பெட்டியில் போட்டுப் பார்த்தார், சின்னசேலத்தில் ஒரு கடைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பெட்டி செய்த கம்பெனிக்குப் போன் போட்டார்.

"காப்பி எடுக்கக் கூடாதுன்னு பூட்டு இருக்குங்க. எந்தப் பெட்டியில பதிவாச்சோ அதுலதான் ஓடும்" என்றாள் ஒரு பெண்.

"சும்மா குடுக்கிற படத்துக்கு இன்னாத்துக்குங்க பூட்டு?"

"எச்.டி.ன்னா எல்லாத்துக்கும் ஒரே பூட்டுதாங்க."

பழைய பெட்டியில் கரிந்த பவர் போர்டை மட்டும் மாற்றி, பூமாலை அதை நைனார்பாளையத்தில் தெய்வசிகாமணி வீட்டில் மாட்டியிருந்தார். அந்தப் பூட்டின் சாவி பெட்டிக்குள் இன்னும் மிச்சம் இருக்குமா?

"நல்லாத்தானே ஓடிக்கினு கீது, ஏன்யா கழட்டுற?" என்று அலுத்துக்கொண்டார் தெய்வசிகாமணி. பூமாலை நடந்ததைச் சொன்னார். தெய்வசிகாமணி தானே ஒயரைப் பிடுங்கி, பெட்டியைத் துண்டில் சுற்றிக் கொடுத்தார். பூமாலை தன் வீட்டுப் பெட்டியை அங்கே மாட்டிவிட்டு மலையேறினார்.

குஞ்சம்மாள் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தாள். "இதுல வரலைன்னா சொல்லிடு பூமால. காத்துக்கினு இருக்க என்னால முடியாது."

பென் டிரைவைச் சொருகினார். திரை கறுத்தது. பிறகு மாயவன் வந்தார். நரைத்த தாடி முள் முள்ளாக, தோளில் ஒட்டிய சாமை உமி உட்பட, எதிரில் நிற்கிற மாதிரி. இடி தாங்கி, ஊர் மாறி, யார் வீட்டிலோ இருந்துவிட்டு வந்த பெட்டி தன் ஆளை அடையாளம் கண்டுகொண்டது. பூமாலை எழுந்து நின்றுவிட்டார். திரையைப் படம் பிடிக்க எடுத்த போன் கையிலேயே இருந்தது.

"வெத எடுத்து வெக்கிறது, எப்ப வெதைக்கணும்னு சொல்றது எல்லாம் எம் வூட்டுக்காரிதாங்க" என்றார் மாயவன். "இருவத்தாறு வருசமா அவ சொல்றததான் நான் செய்யறேன். அதோ, வேலியாண்ட நிக்கிறா பாருங்க."

படம் திரும்பியது. பேச்சு எட்டாத தூரத்தில், வேலியோரம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குஞ்சம்மாள் நின்றாள்.

இங்கே உட்கார்ந்திருந்தவள் திரையருகே நகர்ந்தாள்.

"ஒலகத்துக்கே சொல்லிட்டு, எனக்கு மட்டும் பூட்டி வெச்சுட்டுப் போயிருக்குது" என்றாள்.