தொட்டியில் இறங்கப் பாவம் வேண்டும்

ஏழு வயதுவரை என்னிடம் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு பாவம்கூட இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து விடுதலை பெற்ற பிறகு நிறைய சேர்ந்தது, அது வேறு விஷயம்.

ஆனையூரில் எங்கள் தெருவிலேயே முதலில் ஜெபக் கூட்டத்துக்குப் போனவர் அப்பாதான். அவர் குடியை விட்டார். தெரு எங்களை விட்டது. "ஏய், அல்லேலூயா வாரான்டா" என்று கத்திக்கொண்டு கூட்டாளிகள் பம்பரத்தோடு ஓடிவிடுவார்கள். சாயங்காலம் அப்பா ஜெபத்துக்கு, அம்மா இட்லிக்கடைக்கு மாவாட்ட. வாசலில் நானும் ஒரு பூனையும். பூனையும் ரொம்ப நேரம் இருக்காது.

அப்பாவுக்கு ஞானஸ்நானம் என்றார்கள். கீழக்குயில்குடிப் பக்கம் ஒரு தோட்டத்து பம்புசெட் தொட்டியில். முங்கி எழுந்தால் பாவம் போய்ப் புது ஆளாகிவிடலாமாம், சபையே சொந்தமாகிவிடுமாம். நானும் முங்கிவிட்டால் அப்பாவோடு சேர்ந்துகொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன்.

இறங்குமுன் மைக்கில் சாட்சி சொல்ல வேண்டும். "குடிச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். ஆண்டவர் விடுதலை குடுத்தாரு" என்று அப்பா சுருக்கமாக முடித்தார். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நான் வரிசைக்குள் புகுந்தேன்.

பாஸ்டர் சிரித்தார். "நீ எங்கடா தம்பி வார? முங்கணும்னா பாவம் பண்ணியிருக்கணும்ல?"

"பண்ணியிருக்கேன் ஐயா."

"எம்புட்டு?"

"நெறயா."

மைக்கை என் வாய்க்கு இறக்கினார். சொந்தச் சரக்கு இல்லாததால் வீட்டில் பார்த்ததை எடுத்துவிட்டேன்.

"குடிச்சுட்டு வந்து சோத்துப் பானைய எத்துனேன்."

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. எனக்குக் குஷி ஏறிவிட்டது.

"அம்மா முடியப் பிடிச்சுத் தெருவுல இழுத்தேன். வயித்துல பாப்பா இருக்குன்னு அம்மா கத்துச்சு. அப்பவும் விடல."

சிரிப்பு நின்றது. அம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாஸ்டர் மைக்கை இழுக்கப் போனார். அப்பா முந்திக்கொண்டார்.

"அது அவன் பாவம் இல்லைங்கய்யா. என்னோடது. நான் சொல்லாம விட்டுட்டேன்."

பிறகு அம்மாவைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னார். எனக்குத் தெரியாததும் அதில் இருந்தது. சொல்லி முடித்துவிட்டு இறங்கி முங்கினார்.

பாடுபட்டுச் சேர்த்த பாவத்தையெல்லாம் அப்பா பிடுங்கிக்கொண்டார். இனி எதை வைத்து முங்குவேன்? மாமரத்தடிக்குப் போய் அழுதேன். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தண்ணீர் சொட்டச் சொட்ட ஏறிவந்து அப்பா தனியாக நின்றார். பாட்டுப் பாட வேண்டியவர்கள்கூடப் பாடவில்லை. வெகுநேரம் கழித்து அம்மா எழுந்து போனாள். முந்தானையால் அவர் தலையைத் துவட்டினாள். துவட்டுகிறாளா அடிக்கிறாளா என்று தூரத்திலிருந்து தெரியவில்லை. இருவரும் அழுதார்கள்.

எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. பாவத்தைச் சொன்னது நான், தலை துவட்டல் மட்டும் அவருக்கு. இந்தச் சபை நமக்குச் சரிப்படாது என்று முடிவுசெய்தேன்.