வாய் திறந்த வகுப்பு

ஆங்கில விரிவுரையாளர்களுக்கு அடிக்கடி தொண்டை கட்டும். மாணவர்களுக்கும் சேர்த்து நாமேதானே பேச வேண்டியிருக்கிறது! என்னைப் போல் அவதிப்பட்ட ஆசிரியர்களே, மலேசியாவின் பேராக் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் எனக்கு நடந்ததைக் கேளுங்கள்.

ஒரே ஒரு பருவம்

எழுத்துத் தேர்வில் எங்கள் பிள்ளைகள் புலி. வேலைக்கான நேர்முகத்தில்தான் வாயடைத்துப் போவார்கள். ஆகவே இலக்கணத் தாளைப் பாதியாகக் குறைத்து, பேச்சுத் தேர்வு வைக்கலாம் என்று துறைக் கூட்டத்தில் சொன்னேன். போனில் புகார் செய்வது, கூட்டத்தில் அறிவிப்புச் சொல்வது, இப்படி. துறைத்தலைவர் புவான் ரொஹானா ஒரு பருவம் தந்தார். சரிவராவிட்டால் பழையபடி எழுத்துதான். எங்களில் மூத்தவரான சிவபாலன் சார் கண்ணாடியைக் கழற்றினார். "அரட்டை அடிக்கிறதுக்கா பட்டம் குடுக்கப் போறீங்க?"

கோழிச்சோறு

முதல் வாரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தேவி என்ற மாணவியைத் தனியாகக் கேட்டேன். "வருது மேடம், தப்பாயிருமோன்னு உள்ளயே போயிருது லா," என்றாள்.

மறுநாள் நானே தப்பு செய்வது என்று முடிவெடுத்தேன். மெய் லிங் என்ற மாணவியிடம் கண்டனீஸ் என்ற சீன மொழியில் கடையில் கோழிச்சோறு கேட்கக் கற்று, வகுப்பின் முன் நின்று சொன்னேன். சீனப் பிள்ளைகள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். எனக்கு முகம் சிவந்தது. ஆனாலும் திரும்பத் திரும்பச் சொன்னேன். சீனர் கடைகளில் கேட்டுப் பழகிய மற்றவர்களும் சிரித்தபடியே ஆங்கிலத்தில் என்னைத் திருத்தத் தொடங்கினார்கள், தேவி உட்பட. கண்ணைத் துடைத்துக்கொண்டு மெய் லிங் சொன்னாள்: "மேடம், இப்படிக் கேட்டா சோறு கிடைக்காது, அடிதான் கிடைக்கும்."

மணி அடித்தது

பருவத்தின் கடைசியில் வெளிநாட்டு விருந்தினர்களுக்கு மண்டபத்தில் ஒரு நிகழ்ச்சி. பாதியில் பக்கத்து கெண்டீனில் எண்ணெய் தீப்பிடித்து, புகை உள்ளே வந்தது. அபாய மணி அலறியது. எல்லோரும் எழுந்து முண்டியடித்தார்கள்.

சட்டென்று ஒலிபெருக்கியில் ஒரு குரல். மேடையில் மைக்கைப் பிடித்திருந்தது தேவி! எந்தக் கதவு, எந்த வரிசை முதலில் என்று நிறுத்தி நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னாள். குரல் நடுங்கவே இல்லை. மண்டபம் அமைதியாகக் காலியானது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது, புகையைச் சாக்குச் சொன்னேன்.

வெளியே புல்வெளியில் சிவபாலன் சார் என்னிடம் வந்தார். "'டோண்ட் ரன்னிங்'னு சொன்னா. பிழைதான். ஆனா ஒருத்தரும் ஓடல, நான் உட்பட."

ஈப்போ சந்தையில்

பேச்சுத் தேர்வு நிலைத்துவிட்டது. சிவபாலன் சாரே இப்போது அதில் ஒரு தேர்வாளர்.

போன மாதம் ஈப்போ சந்தையில் தேவியின் அம்மாவைப் பார்த்தேன். வேலை பார்த்த ரப்பர் தோட்டம் கைமாறியபின் பக்கத்து ஜெலாப்பாங் பகுதித் தொழிற்சாலையில் வேலை செய்பவர். மீன் பையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "வீட்டு இண்டர்நெட் கெட்டுப் போச்சுன்னு போன்ல இங்கிலீஷ்லயே சண்டை போட்டா டீச்சர். எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா ஜெயிச்சது எம்மகதான்னு மட்டும் தெரிஞ்சிச்சு!"

இன்று எங்கள் துறைக்கு இருப்பது ஒரே கவலைதான்: பேச ஆரம்பித்த பிள்ளைகளை நிறுத்தி வகுப்பை எப்படி முடிப்பது என்று எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.