நர்சம்மாவின் மணல் பெட்டி

சென்ற திங்கட்கிழமை காலை, டிஸ்பென்சரியில் பெருக்கும் லூர்து என் மளிகைக் கடைக்கு வந்து நாலு பாக்கெட் மெழுகுவத்தி கேட்டாள். "இன்னாத்துக்கு இத்தினி?" என்றேன். "நர்சம்மா போய்ட்டாங்க முதலாளி. மூணு நாள் ஜுரம், அவ்ளோதான்" என்றாள். எடுத்துக் கொடுத்துவிட்டுக் கடையை மூடினேன்.

செசிலி நர்சம்மாவிடம் ஊசி போட்டுக்கொள்ளாத குடும்பம் செஞ்சியில் குறைவு. ஊசிக்காக அவரை நினைப்பவர்கள் நினையுங்கள். நான் நினைப்பது அவருடைய மணல் பெட்டியை. அகலமான மரப்பெட்டி, பாதிவரை ஆற்று மணல். அடிப்பலகைக்கு நீலப் பெயின்ட். மணலை விலக்கினால் தண்ணீர் மாதிரி தெரியும். பக்கத்தில் கூடை நிறைய மண் பொம்மைகள், சொப்பு, கூழாங்கல். முன்பு வேலை பார்த்த ஊரில் ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மாவிடம் கற்றுக்கொண்டதாம். துக்கத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்களை அதன் முன் உட்காரவைத்து, மனதில் தோன்றியதை வைக்கச் சொல்வார். "செஞ்சிக்காரங்க யார் வந்தாலும் மொதல்ல மூணு கல்லு வெச்சு மலை பண்ணிடறாங்க" என்று, எங்கள் ஊரின் மூன்று கோட்டை மலைகளைக் காட்டிச் சிரிப்பார்.

என் மனைவி கல் வைக்கவில்லை. எங்கள் ஒரே மகள், ஐந்து வயது, சிங்கவரத்தில் எங்கள் நிலத்துக் கிணற்றில் விழுந்து இறந்தாள். ரேஷன் அரிசிக்கு ஊரே வரிசையில் நின்ற வருஷம் அது. அன்றோடு என் மனைவியின் பேச்சு நின்றது. சமைப்பாள், துவைப்பாள், ஒரு சொல் கிடையாது. நான் ஆள் வைத்துக் கிணற்றைத் தூர்த்தேன். அமாவாசை தவறாமல் மேல்மலையனூர் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். கடைசியில்தான் நர்சம்மாவிடம் போனோம்.

வெள்ளிக்கிழமைதோறும் மத்தியானம். முதல் நாள் அவள் விரலால் வட்டமாக மணலை விலக்கினாள். நீலம் தெரிந்தது. நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். "இன்னான்னு கேக்காதீங்க. பக்கத்துல குந்திக்கினு இருங்க, போதும்" என்றார் நர்சம்மா. அந்த வாரங்களில் பெட்டியை வேறு யாருக்கும் தரவில்லை; வைத்தது வைத்தபடி அடுத்த வெள்ளி வரை துணி போட்டு மூடியிருக்கும். "வெச்சவங்கதான் அழிக்கணும்" என்பது அவருடைய ஒரே கண்டிப்பு. மூன்றாம் வாரம், கிணற்றுக்கு முதுகு காட்டி ஒரு பெண் பொம்மை வந்து நின்றது. ஆறாம் வாரம் என் மனைவி அதைத் திருப்பிக் கிணற்றைப் பார்க்க வைத்தாள். அப்போது அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

ஏழாம் வாரம் நர்சம்மா ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தார். மனைவியை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, நான் மட்டும் உள்ளே போய்த் துணியை விலக்கினேன். அந்த நீல வட்டத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கடைக்காரன் புத்தி, எதையும் உடனே ஒழுங்குபண்ணியாக வேண்டும். பொம்மையை எடுத்துக் கூடையில் போட்டேன், மணலைத் தள்ளி மூடினேன். நல்லது செய்வதாகவே நினைத்தேன். அவள் உள்ளே வந்து சமமாகக் கிடந்த மணலைப் பார்த்தாள். என் விரல்களில் ஒட்டியிருந்ததையும் பார்த்தாள். திரும்பி நடந்தவள் அப்புறம் அந்த அறைப்பக்கமே வரவில்லை.

நர்சம்மாவிடம் சொல்லி அழுதேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. "நீங்களே பழையபடி தோண்டி வெச்சிடுங்கம்மா" என்று கெஞ்சினேன். "நான் தோண்டினா அது என் கெணறு. அவங்களுது ஆவாது" என்றார். ஆனால் அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு வேறு யாரையும் அவர் வரச்சொல்லவில்லை. கதவைத் திறந்துவைத்துப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். மூன்று வருஷம் அப்படி உட்கார்ந்திருந்தார். அவள் போகவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் லூர்து பெட்டியை என் வீட்டில் கொண்டுவந்து இறக்கினாள். "உங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாங்க." கூடத்தில் வைத்தேன். மனைவி அதைச் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அவள் இனிப் பேசுவாள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அவளுக்காகக் காத்திருந்த ஒரே ஆளும் போய்விட்டார்.

நேற்று வெள்ளிக்கிழமை. மத்தியானம் பெட்டியின் முன் உட்கார்ந்து, விரலால் வட்டமாக மணலை விலக்கினேன். நீலம் தெரிந்தது. இது என் கிணறு. இத்தனை நாள் இது எனக்கும் இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. நர்சம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். பக்கத்தில் உட்கார யாரும் இல்லை. துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன், தூர்க்கவில்லை.