கதையில் ‘நான்’ என்றவன்

இன்று பதுளையில் என் கடைக்குள்ளேயே என் மானம் போயிற்று.

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒரு மாதப் பத்திரிகையில் கதை எழுதியிருந்தார். அதில் ஒருவன், "திருச்சியில் கட்டிய மனைவியைத் தவிக்கவிட்டு நான் இலங்கைக்குக் கப்பலேறினேன்" என்கிறான். கதைக்குக் கீழே கணக்கப்பிள்ளையின் பெயர்.

அவருக்குப் பெண் கொடுக்க இருந்த பக்கத்து ஊர்ப் பசறைக்காரர் என் பழைய வாடிக்கைக்காரர். "மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாள்" என்று அவரிடம் போய்ச் சொன்னவன் நான்தான். சம்பந்தம் நின்றுபோயிற்று.

இன்று கணக்கப்பிள்ளை நேரே கடைக்கு வந்தார்.

"முதலாளி, எனக்கு ஏதுங்க பொண்டாட்டி?"

"நீங்கதானே நான், நான்னு எழுதியிருக்கீங்க?"

"அது கதை சொல்ற பாத்திரங்க. அவன் வேற, எழுதின நான் வேற."

"பேரைப் போட்டவன்தானே பொறுப்பு? யாவாரத்துல அப்படித்தான்."

அவர் குரலை உயர்த்தவில்லை. "மாசியில காமன் கூத்துல உங்க மச்சான் ரதி வேஷம் கட்டி, புருஷன் எரிஞ்சு போயிட்டான்னு மாரடிச்சு அழுதாரே. அவருக்கு வெள்ளைச் சேலை எடுத்துக் குடுத்தீங்களா?"

சாமான் வாங்க வந்த பெண்கள் சிரித்தார்கள். துணி அளந்துகொண்டிருந்த மச்சானும் சிரித்தான். அந்தக் கூத்தைப் பார்த்து அழுதவர்களில் நானும் ஒருவன். எனக்குத் தலை நிமிரவில்லை.

"நாளைக்கே பசறைக்குப் போறேங்க" என்றேன்.

"போங்க. அந்தப் புள்ளைக்கு வேற எடம் பாக்குறாங்களாம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

என் சொல்லை நம்பிச் சம்பந்தத்தை முறித்த மனிதரிடம், என் சொல்லை நம்பாதீர்கள் என்று நம்பும்படியாகச் சொல்ல வேண்டும். வழி தெரிந்த நண்பர்கள் விடிவதற்குள் சொல்லியனுப்புங்கள்.